எதிர்வீட்டுக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம்

பிராட்சானா என்கிற எங்கள் ஊர் இரண்டு நாடுகளில் இருக்கிறது. சதுக்கத்தின் நடுவே தரையோடு தரையாக ஒரு பித்தளைப் பட்டை பதித்திருக்கிறார்கள். அதற்கு மேற்கே இத்தாலி, கிழக்கே ஸ்லோவேனியா. கிழக்கே நின்று சொன்னால் ஊரின் பெயர் பிராச்னா. முன்பு காவல் சாவடி இருந்த இடத்தில் இப்போது இரண்டு பூத்தொட்டிகள். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியது யார் என்பது குறித்து இரு நகராட்சிகளுக்கும் இடையே ஒன்பது வருஷமாகக் கடிதப் போக்குவரத்து நடந்து வருகிறது. செடிகள் மழையை நம்பிப் பிழைக்கின்றன.

மேற்குப் பக்கம் நெரினா விசின்தினின் நாற்காலிப் பட்டறை. நேர் எதிரே, கிழக்குப் பக்கம், ஸ்டோயான் ஹுமாரின் இயந்திரப் பட்டறை. நடுவில் அறுபது தப்படி. நெரினா பீச் என்கிற காட்டு மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்து நாற்காலி செய்வாள். ஆவிப்பெட்டி மக்கர் செய்தால் வாசலில் வந்து நின்று ஒரு சீழ்க்கை அடிப்பாள். ஸ்டோயான் கருவிப் பையோடு வந்து சரி செய்துவிட்டு, காபி குடித்துவிட்டு, தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போவான். அவன் செய்த இயந்திரத்தில் என்ன கோளாறு என்பதை அவள் சொல்வாள். அவன் அதைத் திருத்தி மற்றவர்களுக்கு விற்பான். இருபத்திரண்டு வருஷமாக இப்படி. இதற்குத் தொழில்நுட்ப அறிவுப் பரிமாற்றம் என்று பெயர் என்பது இருவருக்கும் தெரியாது. தெரியாததால் நன்றாகவே இருந்தார்கள்.

நெரினாவுக்கு ஒரு புது இயந்திரம் வாங்கும் ஆசை வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. புது இயந்திரத்துக்கு மின் இணைப்பைக் கூட்டித் தர வேண்டும். மின் அலுவலகமோ, நீங்கள் செயலூக்கமுள்ள உறுப்பினர்தான் என்று மரச்சாமான் தொழிற்குழுமத்திடமிருந்து பரிந்துரைக் கடிதம் கொண்டுவரச் சொன்னது. ஒரே தொழிலைச் செய்கிற நூறு பட்டறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஓர் அலுவலகமும் காபி இயந்திரமும் வைத்துவிட்டால் அது தொழிற்குழுமம். எங்கள் குழுமத்தின் பொறுப்பாளர் எத்தோரே பெலிசோன். பட்டம் வாங்கியவர்களைத் தொத்தோரே என்று அழைப்பது எங்கள் மரியாதை. அவருடைய மேசையில் நெரினாவின் விண்ணப்பம் பதினான்கு மாதமாகப் படுத்திருந்தது.

நவம்பரில் ஒருநாள் அவளே நேரில் போனாள்.

"உங்க ஃபைல் ரொம்பப் பத்திரமா இருக்கும்மா" என்றார் தொத்தோரே.

"பத்திரமா இருக்கறதுதான் கஷ்டம், தொத்தோரே. கொஞ்சம் நகந்தா தேவலை."

"நகர்றதுக்குத்தான் வழி பாக்கறேன். முதல்ல சொல்லுங்க, நீங்க செயலூக்கமுள்ளவங்களா?"

"காலைல ஏழு மணிக்குப் பட்டறையத் திறக்கறேன். சாயங்காலம் ஆறுக்கு மூடறேன். ஆறு பேர் வேலை செய்யறாங்க."

"அது உழைப்பு. செயலூக்கம் வேற. வெளிநாட்டுக் குழுமம் எதோடயாவது தொடர்பு வச்சிருக்கீங்களா?"

"தினமும் வச்சிருக்கேன். ஸ்டோயான் எதிர்வீடு."

தொத்தோரே பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கும் ஒரு மனக்குறை உண்டு. எல்லை தாண்டிய குறுகியகாலத் தொழில்முறைப் பரிமாற்றப் பயணத் திட்டத்தின்கீழ் அந்த வருஷத்துக்குள் ஏழு பட்டறைக்காரர்களை வெளிநாட்டுக் குழுமங்களுக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வருஷம் முடிய ஆறு வாரம் இருந்தது. போனவர்கள் எண்ணிக்கை சுழியம். பட்டறைக்காரர்களுக்கு வேலை இருந்தது. எதிர்ப்பக்கத்தில் இயந்திரத் தொழிற்குழுமத்தைப் பார்த்துக்கொள்ளும் பொலோனா செர்மெல் அம்மையாருக்கோ ஏழு பேரை வரவேற்க வேண்டும் என்று உத்தரவு. அந்தப் பக்கத்து வரவேற்பு வழக்கப்படி அவரும் ரொட்டியும் உப்புமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போறீங்க" என்றார் தொத்தோரே. "மூணு நாள். வந்ததும் கடிதம்."

கணினியைத் திறந்து படிவத்தை நிரப்பத் தொடங்கினார். புறப்படும் இடம், சேரும் இடம் எல்லாம் சரியாகப் போயின. பயணத் தூரம் என்ற கட்டத்தில் சுழியம் என்று போட்டார். கணினி ஏற்கவில்லை. அறுபது தப்படி என்று எழுதிப் பார்த்தார். சிவப்பாகிவிட்டது. அதிலிருந்த பட்டியலே நூறு கிலோமீட்டரில்தான் தொடங்கியது.

"நூறுன்னு போட்டுருங்களேன்" என்றாள் நெரினா.

தொத்தோரேயின் முகம் மாறிவிட்டது. "பொய் எழுதச் சொல்றீங்களா? மக்கள் பணம்மா இது. நூறு கிலோமீட்டர்னு எழுதினா நீங்க நூறு கிலோமீட்டர் போயாகணும்."

"எதிர்வீட்டுக்கா?"

"எதிர்வீட்டுக்குத்தான்."

தொத்தோரே நேர்மையானவர். பின்னால் வந்த துன்பங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

வழியையும் அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார். இங்கிருந்து பேருந்தில் உதினே. அங்கிருந்து ரயிலில் ஆஸ்திரியாவின் வில்லாக். வில்லாக்கில் மாறி, மலைச் சுரங்கம் வழியாக ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானா. அங்கிருந்து இன்னொரு ரயிலில் கீழே இறங்கி வந்தால் பிராச்னா. பதினோரு மணி நேரம். எல்லா டிக்கெட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கூடவே நான்கு பக்க விதிமுறைகள்: விருந்தினர் மூன்று நாளும் தாய்நாட்டில் கால் வைக்கக் கூடாது. விருந்தளிப்பவர் பட்டறையை விட்டு அகலக் கூடாது. பரிமாற்றக் காலத்தில் வியாபாரம், பழுதுபார்ப்பு, பயன் தரும் வேறு எந்த வேலையும் கூடாது. சுற்றுச்சூழலைக் கருத்தில் கொண்டு ஏன் குறுகிய பாதையைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று விளக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் தொத்தோரே, 'குறுகிய பாதை தூரமாக அங்கீகரிக்கப்படவில்லை' என்று எழுதினார். பிறகு நெரினா ரயிலில் போவதால் காற்றில் சேரும் புகைக்கு ஈடாக அலுவலக வாசலில் ஒரு மரக்கன்றும் நட்டார்.

திங்கட்கிழமை காலை நெரினா பெட்டியோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். இரு நாட்டுப் பேருந்துகளும் நிற்கும் நிறுத்தம் சதுக்கத்திலேயே, பூத்தொட்டிக்குப் பக்கத்தில். ஸ்டோயான் தன் வாசலில் சிகரெட்டோடு நின்றிருந்தான்.

"எங்க கிளம்பிட்ட?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"உன் வீட்டுக்கு."

"வா, காபி போட்டுருக்கேன்."

"சாயங்காலம் வந்துடறேன். வில்லாக் வழியா."

ஸ்டோயான் புகையை விட்டான். "வில்லாக் போறியா? அங்க கடுகு விழுது நல்லாயிருக்கும். எனக்கு ஒரு டப்பா வாங்கிட்டு வா."

பேருந்து வந்தது. ஏறும்போது நெரினா பட்டறை வாசலில் நின்ற லிவியோவைப் பார்த்துக் கையசைத்தாள். லிவியோ அவளிடம் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிற மூத்த தச்சன். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது நாற்காலி முடித்தாக வேண்டும். அவற்றைக் கேட்டிருந்தவர் வேறு யாருமில்லை, தொத்தோரேதான். பரிமாற்றத் திட்டத்தின் வெற்றியை அறிவிக்கும் மாபெரும் மாநாடு அன்றுதான்.

சாயங்காலம் பொலோனா அம்மையாரின் கார் நெரினாவை ரயில் நிலையத்திலிருந்து ஏற்றிக்கொண்டு ஸ்டோயானின் வாசலில் இறக்கியது. ரொட்டியும் உப்பும் நீட்டினார்கள். "இவ்வளவு தூரம் வந்ததில் களைத்துப் போயிருப்பீர்கள்" என்றார் பொலோனா. நெரினா உண்மையிலேயே களைத்துப் போயிருந்தாள். அவளும் ஸ்டோயானும் முதன்முதலாகச் சந்திப்பதுபோல் கைகுலுக்க வேண்டும் என்று புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் கைகுலுக்கியதே இல்லை. எந்தக் கையை நீட்டுவது என்று குழம்பி மூன்று முறை எடுக்க வேண்டியதாயிற்று.

"கடுகு?" என்று ஸ்டோயான் புகைப்படத்துக்காகச் சிரித்த வாயை அசைக்காமலே கேட்டான்.

"பையில."

இதை மொழிபெயர்ப்பாளர் குறிப்பெடுத்தார். இரு நாட்டார் பேசினால் மொழிபெயர்ப்பாளர் இருந்தாக வேண்டும் என்பது விதி. தலைநகரத்திலிருந்து வந்த இளைஞர், இரண்டு மொழியிலும் பட்டம் வாங்கியவர். ஆனால் எங்கள் ஊரில் இரண்டையும் கலந்து, கூட மூன்றாவது ஒன்றையும் சேர்த்துத்தான் பேசுவோம். அது அவருக்குப் பிடிபடவில்லை. ஆகவே நெரினா சொன்னதை ஸ்டோயான் அவருக்கு விளக்குவான். அவர் அதைச் சுத்தமான மொழியில் ஸ்டோயானுக்குச் சொல்வார். ஸ்டோயான் நன்றி சொல்வான்.

செவ்வாய் முழுக்கப் பயிலரங்கு. வண்ணத் தாள்களை ஒட்டி யோசிப்பதுதான் இப்போது எல்லா அலுவலகங்களிலும் நாகரிகம். மஞ்சள் தாளில் தொழிலின் வலிகளை எழுத வேண்டும், பச்சையில் வாய்ப்புகளை, இளஞ்சிவப்பில் கனவுகளை. ஸ்டோயான் மஞ்சள் தாளில் 'வலது முழங்கால்' என்று எழுதிக் கொடுத்தான். பொலோனா அதை மரியாதையோடு சுவரில் ஒட்டினார். மூன்று மணி நேரத்தில் சுவர் நிறைந்துவிட்டது. சுவருக்குப் பின்னால் ஸ்டோயானின் கடைசல் இயந்திரம் சும்மா நின்றது.

அன்று சாயங்காலம் நெரினா மாடி ஜன்னலிலிருந்து தன் பட்டறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அதை இந்தப் பக்கத்திலிருந்து அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கூரை ஓடு இரண்டு நழுவியிருந்தது. புகைபோக்கியில் ஆவி கொஞ்சம் அதிகமாகவே வருவதுபோல் பட்டது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு லிவியோ பித்தளைப் பட்டைவரை வந்து நின்றான். முகமெல்லாம் வேர்வை.

"முதலாளியம்மா, ஆவிப்பெட்டி மூடியில இருக்கற ரப்பர் கேஸ்கெட் போயிடுச்சு. பாதி ஆவி வெளியதான் போகுது. மரம் வளைய மாட்டேங்குது, உடையுது. பதினோரு நாற்காலிதான் ஆயிருக்கு."

நெரினாவும் ஸ்டோயானும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். ஸ்டோயான் கையில் கருவிப் பை தானாகவே ஏறியிருந்தது. அவன் ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் பொலோனா முன்னால் வந்து நின்றார்.

"ஹுமார் ஐயா, விருந்தளிப்பவர் பட்டறையை விட்டுப் போகக் கூடாது."

"அரை மணி நேரத்துல வந்துருவேன்மா."

"போனா மூணு நாளும் செல்லாமப் போயிடும். அப்புறம், பழுதுபார்ப்புங்கறது பயன் தரும் வேலை. அனுமதி இல்ல."

அந்த நேரம் பார்த்து இடைக்கால மதிப்பீட்டுக்காகத் தொத்தோரே எதிர்ப்பக்கத்தில் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. நாற்காலி அவருடையது, விதியும் அவருடையது.

"தொத்தோரே, நீங்களே சொல்லுங்க" என்றாள் நெரினா. "நான் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். இங்கருந்து அறுபது தப்படி."

"எனக்குப் புரியுதும்மா. மனுஷனா நான் போகச் சொல்வேன்."

"அப்ப போகட்டுமா?"

"இப்ப நான் மதிப்பீட்டாளரா வந்திருக்கேன். கால் வச்சீங்கன்னா பயணம் முறிஞ்சுது. முதல்லருந்து வில்லாக் போகணும். கடிதம் அடுத்த வருஷம்தான்."

நெரினா பட்டை வரை நடந்து போனாள். செருப்பின் நுனி பித்தளையில் பட்டது. எதிரே லிவியோ நின்றான். அவள் வந்துவிடுவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வழிவிட்டு ஒதுங்கியும் நின்றுகொண்டான். பதினான்கு மாதம், புது இயந்திரம், ஆறு பேரின் வேலை எல்லாம் அவள் தலைக்குள் ஒருமுறை சுற்றி வந்தன. பிறகு காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"நான் இங்கருந்தே சொல்றேன், லிவியோ" என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோபோல் இருந்தது.

லிவியோ ஒதுங்கி நின்ற இடத்திலிருந்து நேராக வந்து நின்றான், அவ்வளவுதான்.

ஸ்டோயான் புது கேஸ்கெட் ஒன்றை லிவியோவை நோக்கித் தூக்கிப் போட்டான். அது வியாபாரமா, அன்பளிப்பா என்று பொலோனாவும் தொத்தோரேயும் பட்டைக்கு இருபுறமும் நின்று விவாதித்தார்கள். அன்பளிப்பு என்று முடிவானது. பிறகு ஸ்டோயான், எப்படி மாட்டுவது என்று கத்திச் சொன்னான். மொழிபெயர்ப்பாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். இரு நாட்டார் பேச்சு. அவர் வழியாகத்தான் போக வேண்டும். "பள்ளமான பக்கம் பெட்டியப் பாத்து இருக்கணும்" என்று ஸ்டோயான் எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னது, சுத்தமான இத்தாலியத்தில், "ஆழமான தரப்பு பெட்டியை நோக்க வேண்டும்" என்று வந்தது. எது தரப்பு, எது நோக்கும் என்று லிவியோ யோசித்துக்கொண்டே உள்ளே போனான்.

முக்கால் மணி நேரம் கழித்து எதிர்ப்பட்டறையின் ஜன்னல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாயின. தொம் என்று ஒரு சத்தம். ஆவிப்பெட்டி நீளவாக்கில் பிளந்துவிட்டது. லிவியோ புருவம் இல்லாமல் வெளியே வந்து, பூத்தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, சிகரெட் பற்ற வைத்தான். அடிபடவில்லை. இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவுமில்லை.

அறிக்கையில் இந்த நிகழ்ச்சி 'எல்லை தாண்டிய நேரலை வழிகாட்டல்: ஒன்று' என்று பதிவானது.

வெள்ளிக்கிழமை மாநாடு. நாற்பது பேருக்கு நாற்காலி பதினொன்று. யார் உட்காருவது, யார் நிற்பது என்பதில் பெரிய சிக்கல். கடைசி நிமிஷத்தில் தொத்தோரே பதினொன்றையும் பின்னறையில் போட்டுப் பூட்டிவிட்டார். தலைநகரத்திலிருந்து வந்த மேலதிகாரி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"நாற்காலி இல்லையா?"

"நின்றபடி நடத்தும் கூட்டம் ஐயா" என்றார் தொத்தோரே. "சிந்தனை கூர்மையாகும்."

"வடக்கு நாடுகளில் பார்த்திருக்கிறேன்" என்றார் மேலதிகாரி. அங்கே எதைப் பார்த்தார் என்று சொல்லவில்லை. கைதட்டினார். நாற்காலி செய்து பிழைக்கிற நூறு பட்டறைகளின் பிரதிநிதிகள், உட்கார இடமில்லாத மண்டபத்தில் நின்றுகொண்டு, பலமாகக் கைதட்டினார்கள். அடுத்த மாதமே எங்கள் வட்டாரத்து அலுவலகங்கள் ஒவ்வொன்றாக நாற்காலிகளை எடுத்துவிட்டன என்பது தனிக்கதை.

பயணத்தில் என்ன கற்றீர்கள் என்று நெரினாவைக் கேட்டார்கள். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் மேடைக்குப் போனாள். மேசையில் பரிந்துரைக் கடிதம் இருந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை. தொத்தோரே மூடியைத் திறந்த பேனாவைக் கையில் வைத்திருந்தார்.

"எதிரே இருப்பவரை அறிவதற்கு நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது" என்றாள்.

முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்டோயான் மொழிபெயர்ப்பாளரிடம் குனிந்து, "என்ன சொல்றா?" என்றான். அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருந்தது.

அந்த வாக்கியத்தைச் சுவரொட்டியாக அடித்து இரண்டு நாட்டிலும் ஒட்டினார்கள். கடிதம் அன்றே கைக்கு வந்தது. இரண்டு வாரத்தில் மின்சாரமும் வந்தது. கூடவே நெரினாவுக்கு ஒரு பதவியும் வந்து சேர்ந்தது: மாண்புறு பரிமாற்றத் தூதர். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள். இனிப் பயணம் போக நினைக்கிறவர்களை அவள்தான் நேர்கண்டு, விதிகளை விளக்கி, டிக்கெட்டுகளைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும்.

முதலில் மதுக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள். "வில்லாக் ராணி வர்றா" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். வில்லையை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தாள். பிறகு ரொட்டிக்கடைக்காரருக்கு அடுப்பு வைக்க அனுமதி தேவைப்பட்டது. சாயப்பட்டறைக்காரருக்குக் கழிவுநீர்ச் சான்று தேவைப்பட்டது. எல்லாவற்றுக்கும் செயலூக்கம் கேட்டார்கள். எதிரெதிர் வீட்டுச் சம்பந்திகள் இருவர், பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஒருவர் பட்டறைக்கு ஒருவர் வில்லாக் வழியாகப் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தார்கள். அங்கேயும் பேசிக்கொள்ளவில்லை, மொழிபெயர்ப்பாளர் இருந்தார்.

வில்லையை நெரினா ஒருநாள் எடுத்துக் குத்திப் பார்த்தாள். சாயப்பட்டறைக்காரர் உதினேயிலேயே இறங்கி மைத்துனர் வீட்டில் படுத்திருந்துவிட்டு டிக்கெட்டை மட்டும் காட்டியது அவளுக்குத் தெரிய வந்தபோது, அவளுக்கு வந்த கோபம் அவளையே ஆச்சரியப்படுத்தியது. "நான் முழுசா போனேனே" என்றாள். வில்லாக் ரயில் நிலையக் கடிகாரத்தின் கீழே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று ஐந்தாவது பக்கத்தில் புது விதி சேர்ந்தது. அது அவள் எழுதியது. தொத்தோரே அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு தெளிவா என்னாலகூட எழுத முடியாது" என்றார். அன்று முழுக்க அவளுக்கு மனம் நிறைந்திருந்தது.

மார்ச்சில் புது இயந்திரம் வந்தது. புது ஆவிப்பெட்டியும் வந்தது. மாட்டினார்கள், திருகினார்கள், சூடாகவில்லை. புருவம் பாதி முளைத்திருந்த லிவியோ, "எனக்குத் தெரியாது முதலாளியம்மா, நான் தொட மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். நெரினா வாசலுக்குப் போனாள். கூடவே இரண்டு விண்ணப்பதாரர்கள் கையில் படிவங்களோடு வந்தார்கள். அவள் வழக்கப்படி ஒரு சீழ்க்கை அடித்தாள்.

ஸ்டோயான் உடனே கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டான். முழங்காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்துச் சதுக்கத்தைக் கடந்து, பட்டையைத் தாண்டி, வாசற்படிவரை வந்தான். இரண்டு விண்ணப்பதாரர்களும் அவனைப் பார்த்தார்கள். பிறகு நெரினாவைப் பார்த்தார்கள்.

"நில்லு ஸ்டோயான்" என்றாள் நெரினா.

"என்ன? நீதான கூப்பிட்ட."

"கூப்பிட்டேன். எந்த வழியா வந்த?"

ஸ்டோயான் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே இருந்து, பிறகு இறங்கியது.

"இப்படித்தான்" என்றான், சதுக்கத்தைக் கையால் காட்டி.

"என் பட்டறைய மத்தவங்களுக்கு முன்மாதிரின்னு அறிவிச்சுட்டாங்க. வெளிநாட்டு நிறுவனம் எது உள்ள வந்தாலும் பதிவாகணும். இவங்க ரெண்டு பேர டிக்கெட் சரியில்லன்னு நேத்து திருப்பி அனுப்பினேன். இன்னிக்கு உன்ன மட்டும் விட்டா நான் எந்த முகத்தோட இவங்ககிட்டப் பேசறது?" அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வில்லாக் வழியா டிக்கெட் எடுத்துட்டு வந்துடு. ஒரே நாள்தான்."

விண்ணப்பதாரர்கள் தலையசைத்தார்கள். நியாயம்தான் என்று அவர்களுக்கும் பட்டது.

ஸ்டோயான் அவளையும், உள்ளே குளிர்ந்து கிடந்த ஆவிப்பெட்டியையும், சட்டையில் மின்னிய வில்லையையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் பட்டறையின் கூரையை நீட்டிக்கக் கேட்டிருந்த அனுமதி பொலோனா அம்மையாரின் மேசையில் ஐந்து மாதமாக இருப்பது அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு, பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தான்.

அங்கே ஏற்கெனவே ஏழு பேர் பெட்டியோடு நின்றிருந்தார்கள். எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள்தான்.

"வரிசைல கடைசி ஆள் யாருப்பா?" என்று கேட்டான்.

ரொட்டிக்கடைக்காரர் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.